வணிகப் பாடம்: வீட்டு எஸ்பிரசோவுக்கு அரவை மெஷினும் அமுக்கியும் தேர்ந்தெடுப்பது எப்படி?



மளிகைக் கடையில் காபித்தூள் மற்றச் சரக்குகளைப் போன்றதல்ல. துவரம்பருப்பை எந்தக் கடையிலும் வாங்கிவிடுகிற குடும்பம், காபித்தூளை மட்டும் பழகிய கடையில்தான் வாங்கும். அந்தக் கால் கிலோ பொட்டலத்துக்காக வருகிறவர் சர்க்கரை, ரவை, எண்ணெய், சோப்பு என்று மாதச் சிட்டை முழுவதையும் நம்மிடமே போட்டுவிட்டுப் போகிறார். காபித்தூள் கைநழுவினால் அந்தச் சிட்டையும் மெல்லக் கைநழுவும். ஆகவே இந்தப் பொருளில் புதிதாக எழும் கேள்விகளுக்கு விடை தெரிந்து வைத்திருப்பது நமக்கு அவசியமாகிறது.

அப்படிப்பட்ட ஒரு கேள்வி இப்போது ஆர்.கே.பேட்டை போன்ற சிற்றூர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் ஊருக்கு வரும்போது எஸ்பிரசோ மெஷின் ஒன்றை வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் அம்மாவோ அப்பாவோ நம் கடைக்கு வந்து, "அண்ணா, மெஷினுக்குப் போடுகிற தூள் கொடுங்க" என்கிறார்கள். நாம் வழக்கமாக பில்டருக்குத் தரும் தூளையே கட்டிக் கொடுக்கிறோம். இரண்டு நாள் கழித்து, "தூள் சரியில்லை" என்று பொட்டலம் திரும்பி வருகிறது. தூளில் குற்றம் இல்லை. மெஷினிலும் குற்றம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அரவையும் அமுக்கமும்தான் பொருந்தவில்லை. அந்த இரண்டையும் பற்றியதே இம்மாதப் பாடம்.

எஸ்பிரசோ என்பது எது?

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் 'எக்ஸ்பிரஸ் காபி' என்று சொல்லி, பாலை ஆவியில் நுரைக்க வைத்து, மேலே ஒரு சிட்டிகை தூள் தூவிக் கொடுப்பார்கள். அது வேறு; இது வேறு. எஸ்பிரசோ என்பது இத்தாலிய நாட்டுத் தயாரிப்பு முறை. 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெசேரா இதற்கான மெஷினுக்குக் காப்புரிமை கோரினார். 1948-ல் அதே நகரத்து காஜியா நிறுவனம் நெம்புகோல் வைத்த மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், மேலே பொன்னிற நுரை படிந்த இன்றைய எஸ்பிரசோ உருவாயிற்று.

நம் பித்தளை பில்டரோடு ஒப்பிட்டால் இதன் தத்துவம் எளிதில் விளங்கும். பில்டரில் வெந்நீர் தன் எடையால் மட்டுமே தூளுக்குள் இறங்குகிறது. டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். நேரம் நிறைய இருப்பதால் தூள் சற்றுப் பெரியதாக இருந்தாலும் அதன் சாரம் முழுவதும் இறங்கிவிடும். எஸ்பிரசோவில் சுமார் 9 பார் அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அழுத்தத்தில், வெந்நீர் தூளுக்குள் தள்ளப்படுகிறது. 25 முதல் 30 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். 18 கிராம் தூள் போட்டால் ஏறக்குறைய 36 கிராம் காபி இறங்குவது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

அரை நிமிடத்தில் சாரம் இறங்க வேண்டுமானால் தூள் மிக நைசாக இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டுமானால் தூள் ஒரே அளவாக, ஒரே மட்டமாக அமுக்கப்பட்டிருக்க வேண்டும். முதலாவது அரவை மெஷினின் வேலை. இரண்டாவது அமுக்கியின் வேலை. நம் பில்டருக்குள் காம்பு வைத்த தட்டு ஒன்று இருக்கிறதல்லவா? அதன் உறவுக்காரர்தான் இந்த அமுக்கி. கடைகளில் டேம்பர் என்ற பெயரில் விற்கிறது.

முதலில் கிண்ணத்தைப் பார்க்கவும்

வாடிக்கையாளர் அரவை மெஷின் வாங்கலாமா என்று நம்மிடம் ஆலோசனை கேட்டால், உடனே பதில் சொல்லிவிடலாகாது. அவருடைய மெஷினில் தூள் போடும் கிண்ணம் எந்த வகை என்று முதலில் கேட்க வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று இரட்டை அடி வைத்த கிண்ணம். உள்பக்கம் சல்லடை போல் நிறையத் துளைகள் தெரியும். வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரே ஒரு சிறு துளைதான் இருக்கும். விலை குறைந்த வீட்டு மெஷின்கள் பலவற்றோடு இதுவே வருகிறது. அந்தச் சிறு துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடுவதால் தூள் முன்பின் இருந்தாலும் நுரை வந்துவிடும். கடையில் அரைத்த தூளே இதற்குப் போதும். தூளை மட்டப்படுத்தி லேசாக அமுக்கினால் சரி. இப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவரை விலை உயர்ந்த அரவை மெஷின் வாங்க வைப்பது அவர் பணத்தை வீணாக்குவதாகும்.

மற்றது ஒற்றை அடிக் கிண்ணம். உள்ளும் வெளியும் ஒரே மாதிரித் துளைகள் தெரியும். இதில் அழுத்தத்தைத் தாங்குவது தூள் மட்டுமே. இந்தக் கிண்ணத்துக்குத்தான் நல்ல அரவை மெஷின் தேவை. மெஷினின் மேல் '15 பார்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பம்பின் உச்ச சக்தியையே குறிக்கும். காபி இறங்கும்போது வேண்டியது 9 பார்தான். அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

அரவை மெஷின்: கவனிக்க வேண்டிய அம்சங்கள்

ஒற்றை அடிக் கிண்ணம் வைத்திருப்பவரிடம் கையில் உள்ள பணத்தில் பெரும்பங்கை அரவை மெஷினுக்கு ஒதுக்கச் சொல்ல வேண்டும். சாதாரண எஸ்பிரசோ மெஷினும் நல்ல அரவையும் சேர்ந்தால் நல்ல காபி கிடைக்கும். உயர்ந்த எஸ்பிரசோ மெஷினும் மோசமான அரவையும் சேர்ந்தால் கிடைக்காது.

மிக்சியின் சின்ன ஜாரில் அடிப்பதும், பிளேடு சுழலும் சிறு கிரைண்டரில் அடிப்பதும் இதற்கு உதவா. பிளேடு அரைப்பதில்லை, கண்டபடி வெட்டுகிறது. ஒரு பகுதி மாவாகிவிடும், இன்னொரு பகுதி ரவையாகவே நிற்கும். மாவிலிருந்து கசப்பும் ரவையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பையில் இறங்கும். வேண்டியது இரண்டு பல் தட்டுகளுக்கு நடுவே கொட்டையை நசுக்கி அரைக்கும் வகை. நம் கடை அரவை மெஷினில் இருப்பதும் இதே தத்துவம்தான். வீட்டு மெஷின்களில் தட்டையான பற்களும் உண்டு, கூம்பு வடிவப் பற்களும் உண்டு. எஸ்பிரசோவுக்கு இரண்டுமே பொருந்தும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. அரவையை எவ்வளவு நுட்பமாகக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. ஒரு படி திருப்பினால் காபி இறங்கும் நேரம் பத்து, பதினைந்து விநாடி மாறிவிடுமானால் அந்த மெஷின் எஸ்பிரசோவுக்கு ஆகாது. படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும், அல்லது படியே இல்லாமல் திருகும்படி இருக்க வேண்டும்.

2. அரைத்த தூள் எவ்வளவு உள்ளே தங்குகிறது என்பது. நேற்றைய தூள் இன்றைய தூளோடு கலந்தால் மணம் போய்விடும்.

3. பல் தட்டுகளைக் கழற்றித் துடைக்க முடிகிறதா என்பது. காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு. அது பல்லில் படிந்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும்.

4. பல் தேய்ந்தால் மாற்றுப் பல் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் எங்கே இருக்கிறார் என்பது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நாளைக்கு இரண்டு கோப்பை போதும் என்கிற வீட்டுக்குக் கையால் சுற்றும் அரவை மெஷினே சிக்கனமானது. மோட்டாருக்குப் போகும் பணம் பல்லுக்குப் போவதால், அதே விலையில் நல்ல அரவை கிடைக்கும். ஆனால் எஸ்பிரசோ அளவுக்கு நைசாக அரைக்க ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கும் கை வலி உள்ளவர்களுக்கும் மோட்டார் வைத்ததே ஏற்றது.

அமுக்கி: பலம் வேண்டாம், மட்டம் வேண்டும்

அமுக்கியில் முதல் விஷயம் அளவு. வீட்டு மெஷின் கிண்ணங்கள் பெரும்பாலும் 51, 53, 54, 58 மில்லிமீட்டர் என்ற அளவுகளில் வருகின்றன. கிண்ணத்தின் உள்விட்டத்தை அளந்து, அதற்குப் பொருந்தும் அமுக்கியையே வாங்க வேண்டும். 53 மில்லிமீட்டர் கிண்ணத்துக்கு 51 மில்லிமீட்டர் அமுக்கி வாங்கினால் ஓரம் முழுவதும் தூள் அமுங்காமல் தளர்ந்து நிற்கும். தண்ணீர் எப்போதும் இளகிய வழியைத் தேடும். ஓரமாகவே ஓடி இறங்கிவிடும். நடுவில் உள்ள தூள் சும்மா கிடக்கும். மெஷினோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் கரண்டி அமுக்கிகளில் பல இந்தக் குறையுள்ளவை. அடி தட்டையாகவும், கனமாகவும், எவர்சில்வரில் செய்ததாகவும் இருந்தால் போதும். மரக் கைப்பிடி, வண்ணப் பூச்சு முதலியவை அழகுக்கு மட்டுமே.

இரண்டாவது விஷயம் அமுக்கும் பலம். பலமாக அமுக்கினால் காபி கெட்டியாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 58 மில்லிமீட்டர் கிண்ணத்தின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். 9 பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 9 கிலோ. அதாவது தண்ணீர் அந்தத் தூளின் மேல் ஏறக்குறைய 240 கிலோ பாரத்தை வைக்கிறது. நாம் கையால் கொடுப்பது 10, 15 கிலோ. அதை 20 கிலோ ஆக்குவதால் பெரிய மாறுதல் வந்துவிடாது. ஆனால் அமுக்கி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், அந்த 240 கிலோ பாரமும் பள்ளமான பக்கம் பாய்ந்து ஓட்டை போட்டுவிடும். அமுக்கியின் வேலை காற்றை வெளியேற்றி, தூளை மட்டமாக்குவது, அவ்வளவே.

10 கிலோ என்பது எவ்வளவு என்று கைக்குப் பழக, நம் கடைத் தராசே நல்ல ஆசான். தட்டின் மேல் மடித்த துணியைப் போட்டு, அமுக்கியால் மெல்ல அமுக்கி, எண்ணைப் பார்க்கச் சொல்லலாம். நாலைந்து தடவையில் கை பழகிவிடும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு, விளிம்பு கிண்ணத்தின் மேல் உட்கார்ந்து தானே மட்டம் பிடிக்கும் அமுக்கிகளும் கிடைக்கின்றன.

பில்டருக்கு இந்தப் பாடத்தை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே தண்ணீரைத் தள்ளப் பம்பு கிடையாது. தூள் அதிக நைசாக இருந்தாலோ, தட்டை அழுத்தி அமுக்கினாலோ டிகாக்‌ஷன் இறங்காமல் நின்றுவிடும். அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரத்தில் தூளை அமுக்கவே கூடாது.

சிக்கரி கலந்த தூள் கூடாது

நம் பக்கத்தில் சிக்கரி கலந்த தூளுக்கே கிராக்கி அதிகம். பில்டரில் சிக்கரி டிகாக்‌ஷனைக் கெட்டியாக்கி நிறம் கொடுக்கிறது. எஸ்பிரசோ கிண்ணத்தில் அதே குணம் தொல்லையாகிறது. சிக்கரி தண்ணீரில் ஊறிப் பிசுபிசுத்துத் துளைகளை அடைக்கும். ஆகவே மெஷினுக்குக் கேட்பவருக்குச் சுத்தக் காபி மட்டுமே தர வேண்டும்.

இங்கே சட்டத்தையும் நினைவூட்டுவது நம் கடமை. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். சிக்கரி விலை குறைவு என்பதற்காகச் 'சுத்தக் காபி' என்று சொல்லி ஒரு கைப்பிடி சேர்க்கிற பழக்கம் எந்தக் கடையில் இருந்தாலும், எஸ்பிரசோ மெஷின் அதை மறைக்க விடாது.

கொட்டையைப் பொறுத்தவரை, பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி அராபிகாவோடு சிறிது ரொபஸ்டா சேர்த்தால் நுரை நன்றாக நிற்கும். இந்தியக் காபியைப் பல ஆண்டுகளாக அதிக அளவில் வாங்கிவரும் நாடு இத்தாலிதான். நம் குடகு, சிக்மகளூர்க் கொட்டைகள் அங்கே எஸ்பிரசோவாகின்றன. எனவே இதற்கென்று வெளிநாட்டுச் சரக்கைத் தேட வேண்டியதில்லை.

கடைக்கு இன்னொரு அரவை மெஷின் தேவையா?

சில வணிகர்கள், "எஸ்பிரசோவுக்கென்று கடையில் தனி அரவை மெஷின் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். உதாரணத்துக்குக் கணக்கிடுவோம். மெஷின் விலை 40,000 ரூபாய் என்றும், ஒரு கிலோவில் நமக்கு நிற்பது 60 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். போட்ட முதலை எடுக்க 667 கிலோ விற்றாக வேண்டும். ஊரில் பத்து வீடுகளில் மெஷின் இருந்து, வீட்டுக்கு மாதம் அரைக் கிலோ வாங்கினாலும் மாத விற்பனை 5 கிலோதான். முதல் திரும்பி வர 133 மாதம், அதாவது பதினோரு வருடம் ஆகும். வட்டியும் மின்சாரமும் இதில் சேரவில்லை. சிற்றூர்க் கடைக்கு இந்தக் கணக்குக் கட்டுப்படியாகாது. பெரிய நகரத்துக் கடைகளுக்கு வேண்டுமானால் பொருந்தலாம்.

வேறொரு வழி இருக்கிறது. அதற்கு முதல் தேவையில்லை. வறுத்த கொட்டையை அப்படியே 200, 250 கிராம் பொட்டலமாக, வறுத்த தேதியைக் குறித்து விற்கலாம். அரைத்த தூள் சில நாட்களிலேயே மணம் இழக்கும். கொட்டை சில வாரம் தாங்கும். வறுத்தவுடன் கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், எஸ்பிரசோவுக்கு ஒரு வாரம் கழித்துப் பயன்படுத்துவது நல்லது. ஆகவே வாரம் ஒரு முறை வரும் சரக்கும் நமக்குப் போதுமானதே. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காற்றுப் புகாத டின்னில் வைக்க வேண்டும்.

இரட்டை அடிக் கிண்ணக்காரர்களுக்கு நம் கடை மெஷினிலேயே அரைத்துத் தரலாம். அப்போது முந்தைய ஆளுக்கு அரைத்த சிக்கரித் தூள் உள்ளே தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு பிடி கொட்டையைப் போட்டு ஓடவிட்டு, அந்தத் தூளை ஒதுக்கிவிட்டுப் பிறகே வாடிக்கையாளரின் கொட்டையைப் போட வேண்டும். மிளகாய், மல்லி அரைக்கும் மெஷின் பக்கம் காபிக் கொட்டை போகவே கூடாது.

அரவையின் அளவை விரலால் அறியலாம். பில்டர் தூள் தூள் உப்பைப் போல் இருக்க வேண்டும். எஸ்பிரசோ தூள் அதைவிட நைசு. ஆனால் மைதா ஆகிவிடக் கூடாது. விரலிடுக்கில் தேய்த்தால் லேசான நறநறப்பும், கிள்ளினால் சற்றே ஒட்டிக்கொள்ளும் தன்மையும் இருக்க வேண்டும்.

குறை சொல்லி வந்தால்

வாடிக்கையாளர் குறையோடு வரும்போது பொட்டலத்தை உடனே மாற்றித் தருவதைவிட, மூன்று கேள்வி கேட்பது இருவருக்கும் நல்லது. எத்தனை விநாடியில் இறங்குகிறது? ருசி எப்படி? எங்கிருந்து இறங்குகிறது?

பத்து விநாடியில் தண்ணீராக இறங்கிப் புளித்தால் அரவை பெரிது, அல்லது தூள் குறைவு. முக்கால் நிமிடமாகியும் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் அரவை அதிக நைசு. பீய்ச்சி அடித்தாலோ, ஒரு பக்கமாகவே இறங்கினாலோ அமுக்கி சாய்ந்திருக்கிறது, அல்லது அளவு பொருந்தவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். தூளின் எடை, அரவை, அமுக்கம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு வீட்டில் இருந்தால் வேலை எளிது.

நினைவில் கொள்ள வேண்டியவை

அரைக்கும் முன் "எந்தப் பாத்திரத்துக்கு?" என்று கேட்கவும். இரட்டை அடிக் கிண்ணத்துக்குக் கடைத் தூள் போதும். ஒற்றை அடிக்கு வீட்டில் அரவை மெஷின் வேண்டும். பணம் முதலில் அரவைக்கு, பிறகு அளவு பொருந்திய அமுக்கிக்கு. மெஷினுக்குச் சிக்கரி வேண்டாம். கடையில் புது அரவை மெஷினில் முதலை முடக்க வேண்டாம். தேதியிட்ட கொட்டையாக விற்கவும்.

புதுப் பழக்கம் வீட்டுக்குள் வரும்போது அதற்கான சரக்கு எங்கே கிடைக்கும் என்று வாடிக்கையாளர் தேடத் தொடங்குவார். அந்தத் தேடல் வேறு கடைக்கோ தபால் வழிச் சரக்குக்கோ போகாமல் நம் வாசலிலேயே நிற்க வேண்டுமானால், அவருக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. வரவு மாதச் சிட்டை முழுவதும்.